பலூனைக் கண்டு ஓடியவர்

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி மாலை, பேருந்துப் பணிமனையின் ஆண்டு விழா மேடையில், சிறந்த ஊழியர் விருதைப் பெறாமல் இறங்கி ஓடியதன் மூலம் ஸ்டோர்கீப்பர் நிர்வாகத்தை வேண்டுமென்றே அவமதித்தார் என்று அவருக்கு மெமோ வந்தது. ஓடியது உண்மை, அதை அவர் மறுக்கவில்லை. காரணம் என்னவென்று ஒரு வார்த்தை கேட்காமல் ‘வேண்டுமென்றே’ என்று எழுதியது அநியாயம். நிர்வாகத்தின் மீது அவருடைய குற்றச்சாட்டு இவ்வளவுதான்.

மெமோவுக்குப் பதில் எழுதப் பதினைந்து நாள் கெடு. ஆனால் எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. ஓடியதற்குக் காரணம் பலூன். அதைச் சொல்ல அவருக்கு நாக்கூசியது.

அன்று மேடையைச் சுற்றிலும் பலூன் தோரணம். மேலாளர் விருதை நீட்டிய சமயத்தில், பக்கத்தில் நின்ற ஃபோர்மேன் ஒரு பலூனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கிறீச்சொலியில் ஸ்டோர்கீப்பருக்கு உள்ளங்கை வியர்த்தது, கண் இருட்டியது. மேலாளரின் கை நீட்டியபடியே இருக்க, மைக் வயர் காலில் தடுக்க, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மகளைத் தாண்டி ஓடியவர் சைக்கிள் நிறுத்தத்தில்தான் போய் நின்றார். அரங்கத்தின் சிரிப்பு அதுவரை அவரைத் துரத்தி வந்தது.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். பணி விதிகளைத் தாமே வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தவர். சீட்டு இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட வெளியே விடமாட்டார். தமக்கு வந்த காகிதம் எதையும் கிழித்துப் போட்டதில்லை. தலைமை ஸ்டோர்கீப்பர் பதவிக்கு அவர் பெயர்தான் பரிந்துரையில் இருந்தது. மெமோ நிலைத்துவிட்டால் அந்தப் பதவி கைநழுவிவிடும்.

அவருடைய மச்சான் ஒரு மருத்துவமனையில் கம்பவுண்டர். விஷயத்தைக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டான். அவன் துருவித் துருவிக் கேட்டதில் பலூன் விஷயம் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. டாக்டரிடம் சொல்லி சான்றிதழ் வாங்கித் தருவது தன் பொறுப்பு என்றான்.

“வயித்துப்போக்குன்னு போட்டுடலாம் மாமா. அதுக்கு யாரும் எதிர்க்கேள்வி கேக்க மாட்டாங்க. பலூனுன்னு எழுதினீங்க, ரிட்டயர் ஆகுறவரைக்கும் உங்களுக்கு அதுதான் பேரு.”

அவரும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டார். மகளிடம் ஏற்கெனவே வயிற்றுக் கோளாறு என்றுதான் சொல்லியிருந்தார். அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து அவரோடு அளந்துதான் பேசினாள். தோழிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு விழாவுக்கு வந்திருந்தவள் அவள். அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தலை தானாகக் கவிழ்ந்தது.

இந்தப் பயம் எப்போது தொடங்கியது என்று அவருக்கே தெரியாது. யார் வீட்டில் பிறந்தநாள் என்றாலும் அன்றைக்கென்று அவருக்குத் தலைவலி வந்துவிடும். சொந்த மகளின் பிறந்தநாளுக்கும் வீட்டில் பலூன் கட்டியதில்லை. காசைக் கொடுத்துக் காற்றை வாங்குவதா என்று கடிந்துகொள்வார். கஞ்சன் என்று பெயரெடுப்பது பயந்தாங்கொள்ளி என்று பெயரெடுப்பதைவிடத் தேவலாம் என்பது அவர் கணக்கு.

மச்சான் போன பிறகு மனைவியிடமும் மென்று விழுங்கிச் சொன்னார். அவள் வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை.

“பலூன்காரரைப் பாத்தா நீங்க தெரு மாத்தி நடக்கிறது எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தேன்.”

மறுநாளே ஒரு பாக்கெட் பலூன் வாங்கி வந்தாள். சத்தம்தான் காரணம் என்று இருவரும் முடிவு கட்டினார்கள். அவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார, அவள் ஒவ்வொன்றாக ஊதி உடைத்தாள். பயம் இரட்டிப்பானதுதான் மிச்சம். அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே போய் ஒண்டிக்கொண்டார். அந்தக் கோலத்தில்தான் மகள் அவரைப் பார்த்தாள்.

அவள் சிரிக்கவில்லை. கட்டிலோரம் வந்து குனிந்து கேட்டாள்.

“வொர்க்‌ஷாப்ல டயர் வெடிச்சா நீங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்களேப்பா. அப்ப சத்தம் எப்படிக் காரணமாகும்?”

அவருக்குச் சுருக்கென்றது. டயர் சொல்லாமல் வெடிக்கும், வெடித்தால் முடிந்தது. பலூன் அப்படியில்லை. இன்னொருவர் கையில் விம்மிக்கொண்டு, இதோ, இதோ என்று அது காத்திருக்க வைக்கும். அந்தக் காத்திருப்புதான் அவரைக் கொன்றது. மகள் ஒரு பலூனைப் பாதி ஊதி மேசையில் வைத்து, ஊசியை அவர் கையில் கொடுத்தாள். எப்போது குத்துவது என்பது அவர் இஷ்டம். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குத்தினார். உடல் ஒருமுறை தூக்கிப்போட்டது. ஓடவில்லை.

அதற்காகப் பயம் விட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. பிறகும் பல மாலைகள் முயன்றார். பலூன் அவள் கையில் இருந்தால் இன்றும் வியர்க்கும். ஆனால் பலூன் இருக்கிறது என்று முன்பே தெரிந்து, கதவோரம் இடமும் கிடைத்தால், மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு அவரால் உட்கார முடிந்தது.

கெடு முடிவதற்குள் மச்சான் சான்றிதழோடு வந்தான். மகளும் அங்கேதான் இருந்தாள். ஸ்டோர்கீப்பர் அந்தக் காகிதத்தைத் தொடவில்லை.

“இதைக் கொடுத்தா இவ முன்னாடி ரெண்டாவது தடவை ஓடுன மாதிரிடா,” என்றார்.

காது மடல் சூடேற, முகம் எரிய, தம் கைப்பட விளக்கத்தை எழுதினார். அலுவலகத்தில் அது மேசைக்கு மேசை போகும், சிரிப்பார்கள் என்று தெரிந்தே எழுதினார்:

‘எனக்குப் பலூன் என்றால் பயம். நினைவு தெரிந்த நாளிலிருந்தே உள்ளது. வெளியே சொல்ல வெட்கப்பட்டதால் இதுவரை பணிமனையில் யாரிடமும் தெரிவிக்கவில்லை. அன்று நான் ஓடியது பயத்தால் மட்டுமே. மேலாளரை மேடையில் காக்க வைத்ததற்கு வருந்துகிறேன். மெமோவிலுள்ள ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை ஏற்க மறுக்கிறேன். அதை நீக்கக் கோருகிறேன். இனி நடக்கும் விழாக்களில் பலூன் உண்டா என்பதை முன்கூட்டித் தெரிவித்து, எனக்குக் கதவோரம் இடம் ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இவற்றின் மீது நிர்வாகத்தின் முடிவு எதுவாயினும், அதை எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். வாய்மொழிப் பதிலை ஏற்க இயலாது.’