செத்த பிறகு சிரிக்க வேண்டும்

இருபது வருடம் நான் பேயாக இருந்தவன். பயப்பட வேண்டாம், தொழில்முறையில்தான். கோடம்பாக்கத்தில் அந்தக் காலத்தில் பேய்ப் படம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆறடி உயரம், சதை என்று சொல்லிக்கொள்ள உடம்பில் ஒன்றும் கிடையாது. "இவனை வச்சா மேக்கப் செலவு மிச்சம்" என்று ஒரு தயாரிப்பாளர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். சொன்னாரே தவிர மிச்சம் பிடிக்கவில்லை. மைதாவைக் கரைத்து முகத்தில் அப்பி, அதன்மேல் பஞ்சை ஒட்டி, சாயம் அடித்து, தேங்காய் நார் முடியைக் கவிழ்த்துக் கிணற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். மைதா காய்ந்தால் எறும்பு வரும். மூக்கின் மேல் ஊரும் எறும்பைத் தட்ட முடியாமல் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான் தமிழ்நாட்டு ஜனங்கள் அலறினார்கள். டைட்டிலில் என் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. 'மற்றும் பலர்' என்று வரும். அந்தப் பலரில் ஒருவன் நான்.

பேய்ப் படத்தில் பேய் சாகாமல் படம் முடியாது. ஏற்கெனவே செத்தவன்தானே, அவன் எப்படி மறுபடி சாவான் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டதில்லை, கேட்டால் அடுத்த படம் கிடைக்காது. ஆனால் ஒரு சம்பிரதாயத்தை மட்டும் நான் விட்டதே இல்லை. கேமரா முன்னால் செத்தவன், ஷாட் முடிந்ததும் கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிக்க வேண்டும். சிரிக்காமல் எழுந்து போனால் நடித்தது பலித்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. பெரிய நடிகர்களும் செய்வார்கள், நாங்களும் செய்வோம். பிறகு எடிட்டிங் அறையில் அந்தச் சிரிப்பை வெட்டித் தரையில் போட்டுவிடுவார்கள். நான் சிரித்த சிரிப்பெல்லாம் குப்பைக்கூடையில்தான் போனது.

இந்தத் தொழிலை நம்பி எனக்குப் பெண் கொடுத்தார்கள். தரகர் "மாப்பிள்ளை சினிமா நடிகர்" என்று அடித்துவிட்டிருந்தார். கல்யாணமான புதிதில் அருப்புக்கோட்டையில் ஒரு தியேட்டருக்கு மாமனார் குடும்பமே பெஞ்சு பெஞ்சாக வந்து உட்கார்ந்தது. படம் பாதி போயிற்று. "மாப்ள, நீங்க எப்ப வருவீக?" என்று மாமனார் காதோரம் கேட்டார். "இப்பக் கிணத்துக்குள்ள இருந்து வந்துட்டுப் போனது நான்தான் மாமா" என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. கடைசியில் பூசாரி தீப்பந்தத்தோடு வர, நான் எரிந்து செத்தேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்து இடம் காலி. என் மனைவி வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"தாலி கட்டி நாப்பது நாள் ஆகல. புருசன் சாகுறத டிக்கெட் வாங்கிப் பாக்கணுமாக்கும்?"

"அதுக்கப்புறம் சிரிச்சேன்டி. கேமராவப் பாத்து. அதை வெட்டிட்டாங்க."

"ஆமா, சிரிச்சீக. யார் கண்டா?"

அவ்வளவுதான். அதன் பிறகு நான் நடித்த எந்தப் படத்தையும் அவள் கடைசி வரை பார்க்கவில்லை. முகமும் என் முகம் இல்லை, முடிவும் நல்ல முடிவு இல்லை, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனாலும் எனக்கு ஒரு ஆசை இருந்தது. என் சொந்த முகத்தோடு ஒரே ஒரு படம், அதை அவள் எழுந்து போகாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெரிய பட்டம், பரிசு எதுவும் நான் கேட்கவில்லை. அதற்குள் கம்ப்யூட்டரிலேயே பேய் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு மைதாவும் வேண்டாம், மதியச் சாப்பாடும் வேண்டாம். மனைவியையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டு, மச்சினன் பிடித்துக் கொடுத்த விசாவில் நான் ஷார்ஜாவுக்கு வந்து சேர்ந்தேன்.

இங்கே பதினாலு வருடமாக ஒரு கட்டட கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஹெல்மெட், ஷூ, உயரத்தில் ஏறுகிறவர்களுக்கு இடுப்பு பெல்ட், எல்லாம் என் கையால்தான் போகும். பழைய கதையை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் ரூமில் எவனோ போனில் பழைய பேய்ப் படம் பார்த்துக்கொண்டிருக்க, வாய் சும்மா இருக்காமல் "அது நான்தான்" என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாளே சேஃப்டி ஆபீசர் கூப்பிட்டுவிட்டார். திருச்சூர்க்காரர், நல்ல மனிதர், படபடப்பு அதிகம்.

"அண்ணாச்சி, சினிமா ஸ்டாரா? பறஞ்சதே இல்லையே. கம்பெனிக்கு ஒரு சேஃப்டி வீடியோ வேணும். பெல்ட் மாட்டாம ஸ்கஃபோல்டிங் சாரத்துல ஏறுற ஆளு. நீங்க செஞ்சா மதி, அது போதும்."

"மேக்கப் உண்டா சார்?"

"எந்து மேக்கப்? உங்க முகந்தான்."

அன்று மத்தியானமே மனைவிக்கு போன் போட்டேன். கம்பெனி படம், நான்தான் ஹீரோ, முகம் என் முகம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். கதை என்ன என்று அவள் கேட்கவில்லை. பெல்ட் மாட்டாமல் ஏறுகிறவன் என்ன ஆவான் என்று எனக்கும் உறைக்கவில்லை. ஷூட்டிங் அன்று காலையில்தான் சேஃப்டி ஆபீசர் ஒரு வெள்ளைத் துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இதிலும் நான் சாக வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

கேமரா பிடித்தவர் எங்கள் ஆபீசில் பேப்பர் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி. லீவு நாட்களில் கல்யாண வீடியோ எடுப்பவர், கேமராவும் அவருடையதே. தொழிலாளர்கள் தங்கும் கேம்பிலிருந்து பத்து மெத்தையைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். நான் மேலிருந்து விழுந்தேன். விழுந்ததோடு விட்டேனா? இருபது வருடப் பழக்கம் போகுமா? கண்ணை மேலே செருகி, நாக்கைத் தள்ளி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிச் செத்தேன்.

"கட், கட். அண்ணாச்சி, இது பேய் இல்ல, ஆக்சிடென்டு. சும்மா கிடந்தா மதி."

சும்மா கிடப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஏழு தடவை செத்தேன். "அண்ணை, அசையாமல் படுத்திருங்கோ, வயிறு ஏறி இறங்குது" என்று யாழ்ப்பாணத்துத் தம்பி கெஞ்சினார். எட்டாவது தடவை சரியாக அமைந்தது. வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். "கலாஸ், முடிஞ்சது" என்று கத்திவிட்டு சேஃப்டி ஆபீசர் வேறு சைட்டுக்கு ஓடினார். எனக்கு என் வேலை முடியவில்லை. "தம்பி, கேமராவை நிறுத்தாதீங்க" என்று சொல்லித் துணியை விலக்கி, எழுந்து உட்கார்ந்து, லென்ஸைப் பார்த்து நன்றாகச் சிரித்தேன். அவரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் எடுத்துக்கொண்டார். அதை வெட்டிவிடுங்கள் என்று சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. சாவுக்குப் பின்னால் வரும் சிரிப்பை யாராவது படத்தில் வைப்பார்களா?

அவர் வைத்தார்.

கேம்ப் மெஸ்ஸில் திரை கட்டி, நானூறு பேர் உட்கார்ந்து, முதல் வரிசையில் பெரிய மேனேஜரும் வெளி கம்பெனி ஆட்களும் உட்கார, படம் ஓடியது. நான் விழுந்தேன். சோகமான வயலின். வெள்ளைத் துணி. மெஸ்ஸில் ஒரு சத்தம் இல்லை, ஒரு நேபாளத்துக்காரன் கண்ணைத் துடைத்தான். அடுத்த நொடி நான் துணியை விலக்கி எழுந்து முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் மேலேயே, பாதுகாப்பே முக்கியம் என்று ஐந்து பாஷையில் எழுத்து வந்தது. ஒரு பாகிஸ்தான் ஃபோர்மேன், "அரே, யே தோ ஜிந்தா ஹை", அட, ஆள் உயிரோடு இருக்கிறான் என்று கத்திக் கை தட்ட, மெஸ்ஸே கொல்லென்று சிரித்தது. தகர ஷெட்டு அதிர்ந்தது.

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. பெல்ட் மாட்டாமல் விழுந்தால் சந்தோஷமாக இருக்கலாம் என்று சொல்கிறீர்களா என்று கேட்டார். சேஃப்டி ஆபீசர் யாழ்ப்பாணத்துத் தம்பியைப் பிடித்து உலுக்க, அவர் உண்மையாகவே புரியாமல் விழித்தார்.

"சேர், கலியாண வீடியோவில கடைசியா எல்லாரும் கேமராவைப் பாத்துச் சிரிக்கிறதைத்தானே வைக்கிறது. அதை வெட்டினா வீட்டுக்காரர் விடுவினமோ? அண்ணை ஆசையாச் சிரிச்சவர், நான் அதுதான் முடிவெண்டு நினைச்சன்."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அன்றே சிரிப்பை வெட்டச் சொல்லி ஆர்டர். வெட்டினார்கள். இப்போது படம் துணி போர்த்துவதோடு முடிகிறது. எல்லா கேம்பிலும் அதைத்தான் போடுகிறார்கள்.

இங்கே இப்படி என்றால் ஊரில் என் மனைவி விடவில்லை. "படத்த அனுப்புறீகளா, இல்ல இதுவும் கப்சாவா? எதுத்த வீட்டுக்காரி தெனமும் கேக்குறா" என்று நாலு நாளாகப் போன். என்ன செய்வேன்? வெட்டிய படத்தை அனுப்பினால் புருசன் வெள்ளைத் துணிக்குள் போவதோடு சரி. முதல் தடவையாக என் சொந்த முகம், அதுவும் பிணமாக. சைக்கிள் ஸ்டாண்டில் அவள் நின்ற கோலம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அன்றைக்காவது நான் பக்கத்தில் இருந்தேன்.

லீவு நாளில் ரோலா கடைத்தெருவில் ஒரு டீக்கடையில் யாழ்ப்பாணத்துத் தம்பியைப் பிடித்தேன். "வெட்டாத படம் இருக்கா?" என்றேன். "ஓம் அண்ணை, கம்ப்யூட்டரில கிடக்கு. அதை அழிக்க எனக்கு மனம் வரேல்லை" என்றார். மடிக்கணினியைத் திறந்து அங்கேயே என் போனுக்கு அனுப்பினார். நான் மனைவிக்கு அனுப்பி, கீழே எழுதினேன்: 'கடைசி வரை பார். நடுவில் நிறுத்தாதே. கடைசி வரை பார்.'

இரண்டு டிக்கும் நீலமாயிற்று. பதில் இல்லை. டீ ஆறிப்போனது. போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், கட் பண்ணினாள். படம் மூன்று நிமிடம்தான், அரை மணி நேரமாயிற்று. பாதியில் நிறுத்திவிட்டாள் என்று தெரிந்துவிட்டது. இந்த வயசில் அவளை அழவைக்க எனக்கு எதற்குப் படம்? எனக்கு என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாழ்ப்பாணத்துத் தம்பி இன்னொரு டீ சொன்னார்.

அப்புறம்தான் வாய்ஸ் மெசேஜ் வந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் முதலில்.

"மேல இருந்து விழுகவும் போனக் கவுத்து வச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். நம்ம பிள்ளதான், 'அம்மா, அப்பா எந்திரிச்சுட்டாரு, வந்து பாரு'ன்னு கூப்பிட்டா. பாத்தேன். நெசமாத்தான் சிரிச்சிருக்கீக. அப்ப அந்தப் படத்துலயெல்லாமும் சிரிச்சீகளா? எம்புட்டு நாளா நான் நம்பல. இங்க பாருங்க, அந்தத் தம்பிகிட்டச் சொல்லி, சாகுறத எல்லாம் வெட்டிப் போட்டுட்டு, சிரிக்கிறத மட்டும் அனுப்பச் சொல்லுங்க. அது போதும் எனக்கு."

யாழ்ப்பாணத்துத் தம்பி டீக்கடை மேசையிலேயே வெட்டிக் கொடுத்தார். மொத்தம் நாலு விநாடி வந்தது. அனுப்பினேன். அதை அவள் கடைசி வரை பார்த்தாள்.