சைக்கிளில் இருந்தபடி சொன்ன ஓம்

அமோனியா வாசம் ஏறினால் மற்றவர்களுக்குக் கண் எரியும். எனக்கு மனச்சாட்சி எரிகிறது.

போன சனிக்கிழமை யாழ்ப்பாண நகரில், பிளான் பிரதி எடுக்கும் கடையில் நின்றேன். மெஷினுக்குள்ளிருந்து நீலக் கோடுகளோடு, அந்த வாசத்தோடு, ஒரு தாள் நெளிந்து வெளியே வந்தது. கடைக்காரர் தூக்கிப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"என்னண்ணை... ஒரேயொரு தூண்! இதுக்கும் பிளானோ?"

"ஓம் தம்பி. இதுக்குத்தான் பிளான்."

அந்தத் தூணைப் பற்றி யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். இந்தக் கிழமை அகப்பட்டவர்கள் நீங்கள்.

இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும் — பகலில் நான் அரசாங்கக் கந்தோரில் படம் வரைகிறவன். பின்னேரங்களில் ஊராருக்கு வீட்டுப் பிளான் கீறுகிறவன். மிச்ச நேரத்தில்தான் இந்த எழுத்தெல்லாம்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு பின்னேரம் கொக்குவிலில் என் தங்கச்சி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் கனகசபை அண்ணை, ரயில்வேயில் கிளாக்கராக இருந்து பென்ஷன் எடுத்தவர், வாசல் படலையில் மறித்தார்.

"தம்பி, மேலை ஒரு அறை போடுவமெண்டு யோசினை. இந்தப் பழஞ்சுவர் கொங்கிரீட் பிளேட்டைத் தாங்குமோ? சும்மா ஒரு கண் பாத்துச் சொல்லும்."

ஒரு கால் பெடலில், மறுகால் தரையில். மழை இருட்டிக்கொண்டு வந்தது. படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

"ஓம் அண்ணை, தாங்கும்."

அவ்வளவுதான். அடுத்த நாள் தங்கச்சி வீட்டுக்கு ஒரு குலை கதலிப்பழம் வந்தது.

இந்தச் 'சும்மா'வை யார் கண்டுபிடித்தார்கள்? கலியாணப் பந்தலில் டொக்டரைக் கண்டால் நாக்கை நீட்டுகிறோம். கோயில் வீதியில் சட்டத்தரணியைக் கண்டால் வேலிச் சண்டையை விரிக்கிறோம். அவர்களும் — என்னைப் போலவே — வாய் கூசாமல் பதில் சொல்கிறார்கள். கேட்பது சும்மா, சொல்வது சும்மா. சுவருக்கு இது தெரியுமா?

சுவர் வெடித்தது.

பிளேட் போட்டு மூன்றாம் மாதம், யன்னல் மூலையில் தொடங்கிச் சாய்வாக முகடு வரைக்கும். கை நடுங்கியவன் பென்சிலால் கீறியது போல. என் கையால் கீறாத கோடு... ஆனால் என்னுடைய கோடு.

அந்த வீடு கனகசபை அண்ணையின் மகள் வசந்திக்குச் சீதனம். கலியாணத்துக்கு நாளும் வைத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள். அண்ணை மானிப்பாய்க்கு, என் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கதிரையின் நுனியில் இருந்தார்.

"நீர் ஓமெண்டீர், தம்பி."

தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பிப் போனார். ஏசியிருந்தால் நித்திரையாவது வந்திருக்கும்.

அப்போதுதான் மேசை லாச்சிக்குள் கிடந்த பொலிசி நினைவுக்கு வந்தது. என்னைப் போலப் பக்கவேலையாக ஆலோசனை சொல்கிறவர்களுக்கென்றே ஒரு காப்புறுதி. சொன்னது பிழையாகி யாருக்காவது நட்டம் வந்தால் கொம்பனி பொறுக்கும். போன வருடம் என் தலையில் கட்டியவர் நேசன். பகலில் வாத்தியார், பின்னேரம் காப்புறுதி ஏஜென்ட் — அவரும் என் இனம்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நேசன் பேனையைத் திறந்தார்.

"எழுத்திலை ஏதும் குடுத்தனீங்களோ?"

"இல்லை."

"அளந்து பாத்தனீங்களோ?"

"இல்லை."

"சைக்கிளாலையாவது இறங்கினனீங்களோ?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"சரி, என்ன ஃபீஸ் வாங்கினனீங்கள்?"

"ஒரு குலை கதலி."

நேசன் பேனையை மூடினார். "படிவத்திலை வாழைக்குலைக்கு இடமில்லை, அண்ணை."

பிறகு இரக்கப்பட்டார். கொழும்புக்கு எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார். ஆனால் பொலிசியின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், ஒரு நிபந்தனை.

"மறுமொழி வருமட்டும் அந்த வீட்டுப் பக்கம் தலை காட்டாதேங்கோ. 'பிழை என்ரை' எண்டு மட்டும் வாய் திறக்கப்படாது. திறந்தியளோ, பொலிசி செத்துது."

"மறுமொழி எப்ப வரும்?"

"ரயில் ஓடினா ரெண்டு கிழமை. ஓடாட்டி... ஆருக்குத் தெரியும்?"

"மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகினம், நேசன்!"

"அதைப் பற்றி இதிலை ஒண்டும் எழுதேல்லை. இன்னொண்டும் இருக்கு — சண்டை, குழப்பத்தாலை வாற அதிர்வுக்குக் கொம்பனி பொறுப்பில்லை."

இந்தக் குடாநாட்டில் இன்றைக்கு அதிராமல் இருப்பது எது? சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா கொடிகாமத்தில் மரக்கறி வியாபாரம். பூசணிக்காயைத் தட்டிப் பார்ப்பது போலச் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெடிச்ச சுவரையோ எங்கடை பொடியனுக்கு எழுதித் தரப்போறியள்? ஆர் உங்களுக்கு இதைக் கட்டச் சொன்னது?"

கனகசபை அண்ணை என் பக்கம் திரும்பவில்லை. ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும், அவர் தப்பியிருப்பார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வசந்தி கதவு நிலையைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"நான்தான் சொன்னனான்," என்றேன். "பிழை என்ரை. சுவரைத் தொட்டும் பாக்கேல்லை. சைக்கிளிலை இருந்தபடி ஓமெண்டனான்."

பொலிசி செத்தது. காலை பதினொரு மணி இருக்கும்.

பெரியப்பா சண்டைக்கென்று கொண்டுவந்த மூச்சை வெளியே விட்டார். "பிழை என்ரை எண்டு சொல்லுற ஆளை இண்டைக்குத்தான் காணுறன். சரி, இப்ப சொல்லும். இது இடியுமோ, இடியாதோ?"

"தெரியாது."

அறை கொதித்தது. "என்ன விசர்க்கதை!" என்றது ஒரு குரல். இத்தனை வருடத் தொழிலில் நான் சும்மா சொல்லாத முதல் பதில் அதுதான், ஐயா!

"பதினைஞ்சு நாள் தாங்கோ. அறிஞ்சுகொண்டு சொல்லுறன்."

வழி சின்னது. வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை வைத்து இரு பக்கமும் சீமெந்தால் ஒட்டிவிட வேண்டும். சுவர் இன்னும் அசைந்தால் கண்ணாடி உடையும். அசையாவிட்டால் நிற்கும்.

வசந்தி விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர். மைக்ரோஸ்கோப்புக்கு வைக்கிற கண்ணாடித் துண்டுகளில் ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கி வந்தாள்.

"இது காணுமோ, மாமா?"

"காணும் பிள்ளை. ஆனா உடையாமல் நிக்கோணும்."

"உங்கடை ஓமை விட நிக்கும்."

எனக்கு அது தேவைதான்.

தினமும் காலையில் அவள் பார்ப்பாள். பின்னேரத்தில் நான் போய் அத்திவாரத்தோரம் கிண்டினேன், அளந்தேன், எட்டு மாதம் முந்தியே செய்திருக்க வேண்டிய அத்தனையையும் செய்தேன். அந்த மூலைக்குத் தாங்கலாக ஒரு தூண் வேண்டும். கணக்குப் போட்டுக் கீறினேன்.

ஒன்பதாம் நாள் கோட்டை ஆமி முகாம் பக்கமிருந்து வந்த ஷெல் ஒன்று இரண்டு ஒழுங்கை தள்ளி விழுந்தது. விடிந்ததும் விடியாததுமாய்ச் சைக்கிளை மிதித்தேன். படலையில் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். வசந்தி விளக்குமாறோடு நின்றாள்.

"ஆக்களுக்கு ஒண்டுமில்லை. யன்னல் கண்ணாடியெல்லாம் கொட்டுண்டு போச்சு. உங்கடை கண்ணாடி மட்டும் நிக்குது, மாமா."

முற்றத்திலேயே இருந்துவிட்டேன். எந்தப் பொறியியலாளரும் எனக்குத் தராத அத்தாட்சியை, எங்களைக் கொல்ல வந்த சாமான் தந்துவிட்டுப் போயிருக்கிறது. சிரிப்பதா, தலையில் அடிப்பதா?

பதினைந்தாம் நாள், இந்த ஞாயிறு, பெரியப்பா வந்தார். கண்ணாடியை விரலால் தடவினார். அமோனியா மணம் போகாத என் தாளை மேசையில் விரித்தேன். அளவு, ஆழம், கம்பி, அடியில் என் கையெழுத்து. "சுவர் அசையேல்லை. ஆனா இந்தத் தூண் எழும்புமட்டும் மேலை ஒரு பாரமும் ஏத்தப்படாது."

அவர் அளவையும் கையெழுத்தையும் விரல் வைத்து வாசித்தார். பிறகு கனகசபை அண்ணையிடம், "நாள் மாத்தத் தேவையில்லை," என்றார். அண்ணை அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

கொழும்பிலிருந்து கடிதமும் வந்துவிட்டது — வெடிப்பு ஷெல் அதிர்வால் வரவில்லை என்று நிரூபிக்கட்டாம். அதுவரை எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாமாம். அழகான கடதாசி. லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன்.

பெரியப்பாவை வழியனுப்பப் படலைவரை போனோம். செருப்பை மாட்டியவர் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, கொடிகாமத்திலை எங்கடை கடைக்கு மேலையும் ஒரு அறை போடுற யோசினை. அந்தப் பக்கம் வந்தீரெண்டா, சும்மா ஒரு கண்..."

"வாறன் ஐயா. ஆனா சைக்கிளாலை இறங்கித்தான் பாப்பன்."