மேல்காற்றுக்கு ஒரு மணி

மரக்காணம் உப்பளத்தில் முப்பத்திரண்டு வருஷமாக உப்பு வாருகிறவள் கொளஞ்சி. பாத்தித் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் போதும், உப்பு இறங்க இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு பரிசு வாங்கத் தெரியாமல் நாலு கடை ஏறி இறங்கினாள்.

பரிசு ஆதிமூலத்துக்கு. எழுபத்தாறு வயது மேஸ்திரி. எந்தப் பாத்தியில் என்றைக்கு உப்பு வாருவது என்று அவர்தான் சொல்வார். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் வருஷக்கணக்காகக் கண்ணைத் தின்று, போன மாசியில் பார்வை முழுதாகப் போய்விட்டது. அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், உப்பளத்தைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறும் பாதியானது. ஒரே ஒரு தடவை வாய் திறந்து பாத்தியைப் பற்றிக் கேட்டுவிட்டால் மனுஷன் தேறிவிடுவார் என்று கொளஞ்சி நம்பினாள்.

"பேர் போட்டு ஷீல்டு வாங்கலாம்க்கா. பளபளன்னு இருக்கும்," என்றாள் கூட வேலை செய்கிற ஜெயா.

"கண்ணு தெரியாதவருக்குப் பளபளப்பு எதுக்குடி? தடவிப் பாத்துட்டு, என்னை ரிட்டயர் பண்ணிட்டீங்களான்னு கேப்பாரு."

ஆரோவில் பக்கம் கையாலேயே மணி செய்கிற பட்டறை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் ஏறினாள். பையில் ஒரு பாட்டில் பாத்தித் தண்ணீர். பட்டறைக்காரன் சிலம்பரசன் இரும்பு, பித்தளை, வெண்கலம் என்று மூன்று மணிகளை எடுத்து வைத்தான். கொளஞ்சி பாட்டிலைத் திறந்து மூன்றின் தலையிலும் ஊற்றினாள்.

"ஏங்க, என்னங்க பண்றீங்க! பாலிஷ் போட்டு வெச்சிருக்கேன்!"

"கத்தாதப்பா. எங்க ஊரு காத்துல சைக்கிள் செயினே ஒரு மாசம் தாங்காது. தெனம் கொஞ்சம் ஊத்திக்கினே இரு. அடுத்த வாரம் வர்றேன்."

"பொருளுக்குப் பரீட்சை வெக்கிற கஸ்டமர் நீங்கதாங்க ஃபர்ஸ்ட்டு," என்று சிரித்தவன், பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டான்.

எட்டாம் நாள் போனாள். இரும்பு சிவந்து, சளி பிடித்தவன் குரலில் பேசியது. பித்தளையில் புள்ளி புள்ளியாக அரிப்பு. சத்தம் பாதியில் அறுந்தது. வெண்கலம் பச்சை பூத்திருந்தது. விரல் முட்டியால் அதைத் தட்டினாள். சத்தம் கிளம்பி, மெலிந்து, இழையாகி, அதற்கப்புறமும் ஓடிக்கொண்டே இருந்தது. அது ஓயும் வரை இரண்டு பேரும் காதைச் சாய்த்து நின்றார்கள். தான் செய்த மணியை அவ்வளவு நேரம் சிலம்பரசனே கேட்டதில்லை.

"இதையே குடு. மணி நாக்குல காத்து புடிக்கிற தகடு ஒண்ணு தொங்க விடு."

உப்பளத்தை ஒட்டிய மேஸ்திரி வீட்டில், கடலைப் பார்த்த வாசலை விட்டுவிட்டு, பின்பக்கத்துக் கூரை முனையில் போய் மணியைக் கட்டினாள். ஆதிமூலத்தின் மருமகள் மலர்கொடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏங்க்கா, எல்லாரும் வாசல்ல மாட்டுவாங்க. நீ என்னா, கக்கூஸ் பக்கம் மாட்டுற?"

கொளஞ்சி முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். மூன்று நாள் கடல்காற்று வாசல் திரையைப் புரட்டி எடுத்தது. பின்பக்கத்து மணி அசையவே இல்லை. "மேஸ்திரி மாதிரியே அதுவும் பேச மாட்டேங்குது," என்றாள் மலர்கொடி. ஆதிமூலம் சுவர்ப்பக்கமே கிடந்தார். தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமோ என்று கொளஞ்சி தினமும் பின்பக்கம் போய் மணியை அண்ணாந்து பார்த்தாள்.

நாலாம் நாள் மத்தியானம் அவள் வந்தபோது திரை செத்துத் தொங்கியது. கடல்காற்று வரவேண்டிய நேரம், வரவில்லை. மேற்கிலிருந்து அடுப்பைத் திறந்தாற்போல் சூடாக ஒரு காற்று. மணி ஒரு தடவை அடித்தது. பிறகு விடாமல் அடித்தது.

ஆதிமூலத்தின் முதுகு அசைந்தது. மெல்லத் திரும்பினார். முகம் மணிப்பக்கம் நிமிர்ந்தது.

"மேக்காத்தா?"

"ஆமாங்க மேஸ்திரி."

அவர் கண்ணை மூடி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மணியின் வேகத்தை விரலால் கட்டில் சட்டத்தில் தட்டிப் பார்த்தார்.

"மூணாம் பாத்தியில தண்ணி எத்தினி வெரக்கடை நிக்குது?"

"ரெண்டுங்க."

"அப்ப இந்தக் காத்துச் சூட்டுக்கு இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள உப்பு பூ விட்டுடும். யாரையும் எறங்க வுடாத. நாளன்னிக்கு உப்பு வாருங்க."

சாயங்காலம் கொளஞ்சி வரப்பில் போய் நின்றாள். மத்தியானம் வெறும் தண்ணீராகக் கிடந்த மூன்றாம் பாத்தி. இப்போது கண்ணுக்கு எட்டிய வரை அதன்மேல் மெல்லிய வெள்ளை ஏடு. அரிசிக் குருணை அளவில் உப்புப் பூக்கள் ஒன்றோடொன்று கோத்து மிதந்தன. முப்பத்திரண்டு வருஷமாகப் பார்த்ததுதான். இன்றைக்கு அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இது அத்தனையும் கட்டிலில் கிடந்தவருக்கு ஒரு மணிச்சத்தத்தில் தெரிந்திருந்தது.

போன் அடித்தது. மலர்கொடி.

"அக்கா, பூ விட்டுச்சான்னு கேக்குறாரு. பதில் தெரிஞ்சாதான் சாப்புடுவாராம். தட்டை முன்னாடி வெச்சிக்கினு உக்காந்திருக்காரு."

கொளஞ்சி செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நின்றாள்.

"விட்டிருக்குதுன்னு சொல்லுடி," என்றாள். "பாத்தி பூரா."