பால்காரியின் மூன்று வரிசை

பிரான்ஸில் எங்கள் பிரேயி ஊரில் என் அம்மா ஓதிலுக்குப் பால்காரி என்று பெயர். வீட்டில் மாடு கிடையாது. மாட்டைக் கண்டாலே ரோட்டின் மறுபக்கம் போய்விடுவாள். மூடிப்போன ஒரு பால் பண்ணையிலிருந்து பழைய எஃகுத் தொட்டியை வாங்கி வந்து அதில் ஒயின் போட்டாள், அவ்வளவுதான். காலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள், மீதி நேரம் திராட்சைக் கொடியோடு. பஸ்ஸில் சேட்டை பண்ணினவனை நடுவழியில் இறக்கிவிட்ட வரலாறும் உண்டு. இறங்கியது நான்.

தாத்தா போனதும் சரிவு நிலத்தைப் பிரித்தார்கள். மேல்பாதி ஜெர்மேன் மாமாவுக்கு, கீழ்ப்பாதி அம்மாவுக்கு. மண் ஒன்றுதான். வெள்ளைக் களிமண்; மழை பெய்தால் காலிலிருந்து பூட்ஸைப் பிடுங்கிக்கொள்ளும். கல்லை உடைத்தால் உள்ளே நகம் அளவு சிப்பிகள். கடல் எப்போதோ குடியிருந்துவிட்டுக் காலி செய்த வீடு எங்கள் நிலம். அந்தக் கல்லும் உப்பும்தான் ஷாப்ளி ஒயினில் வரவேண்டும், வேறு எதுவும் கூடாது என்பது அம்மாவின் கட்சி. மாமாவோ ஓக் மரப் பீப்பாய்களாக வாங்கி அடுக்கினார். நாலு வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸ் விருந்தில், அதில் ஒரு வாய் குடித்துவிட்டு அம்மா சொன்னாள்:

"அலமாரியை நக்கின மாதிரி இருக்குண்ணே."

"உன்னோடது மட்டும்? பாத்திரம் கழுவின தண்ணி. போடி பால்காரி."

அன்றோடு பேச்சு நின்றது. மறுநாள் மாமாவின் பீப்பாய்களில் யாரோ சுண்ணாம்புக்கட்டியால் 'தச்சுப் பட்டறை' என்று எழுதியிருந்தார்கள். கோழி கிளறின மாதிரி எழுத்து. ஊரே என்னைப் பார்த்தது.

இந்த ஏப்ரலில் கொடி எலிக்காது அளவுக்கு இலைவிட்ட வாரம் பனி இறங்கியது. முந்தைய இரண்டு வருடமும் எங்கள் விளைச்சலைப் பனிதான் தின்றது. இந்தமுறையும் போனால் நிலத்தை விற்றுவிட்டு பஸ்ஸோடு இருந்துவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். அவள் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. அதற்குள் பள்ளத்தில் இருந்த கொடியெல்லாம் குளிர் தேங்கிக் கருகியாயிற்று. மிச்சம், மாமாவின் நிலத்தை ஒட்டிய மூன்று நீள வரிசை.

விடியும் முன்பே அந்த மூன்று வரிசைக்கும் இடையில், குளிரை விரட்ட மெழுகு டின்களை வைத்துக் கொளுத்தினோம். மாமாவிடம் தண்ணீர்த் தெளிப்பான்கள் உண்டு. மொட்டின்மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் அது ஐஸ் சட்டையாக உறைந்து உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். நடுவில் நிறுத்தினால் செத்தது. அரைகுறையாக நனைந்த மொட்டு, நனையாத மொட்டைவிடச் சீக்கிரம் கருகும்.

கிழக்கு வெளுக்கும்போது காற்று திரும்பியது. மாமாவின் கடைசித் தெளிப்பானிலிருந்து சாரல் எங்கள் பக்கம் விழ ஆரம்பித்தது. உஸ், உஸ் என்று டின்கள் அணைந்தன.

"அம்மா, அணையுது."

"எனக்கும் கண்ணு இருக்குடா. கொளுத்து."

கொளுத்தினேன். அணைந்தது. மறுபடி கொளுத்தினேன். இலையெல்லாம் ஈரம். அம்மா தீப்பெட்டியைப் பையில் போட்டுவிட்டு மேட்டைப் பார்த்தாள். பம்ப் பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார்.

"நான் போய்ச் சொல்லவா?"

"நீ போனா இன்னும் நாலு வருஷத்துக்குப் பேசமாட்டான்."

அவளே ஏறினாள். நான் பின்னாலேயே போனேன்.

"அண்ணே."

மாமா பம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன் தண்ணி என் கொடிமேல விழுது."

"நிறுத்த மாட்டேன் ஓதில். நிறுத்தினா என்னோடது மொத்தமும் போச்சு."

"நிறுத்தவா சொன்னேன்? முழுசா நனைச்சு விடு."

இப்போதுதான் திரும்பினார். கடைசித் தெளிப்பானில் ஒரு கொக்கி உண்டு; அதனால் அது அவர் பக்கம் அரைவட்டம்தான் சுற்றும். கொக்கியைக் கழற்றினால் முழுவட்டம். காற்று எங்கள் பக்கம் அடிப்பதால் எங்கள் மூன்று வரிசைக்கும் தண்ணீர் போதும். ஆனால் தண்ணீர் பங்கு போவதால் அவருடைய கடைசி இரண்டு வரிசைக்குப் போதாது.

"என் ரெண்டு வரிசை போயிடும்."

"தெரியும்."

"தெரிஞ்சே கேக்குற."

"தெரிஞ்சேதான் கேக்குறேன்."

கீழே எங்கள் இலைகளில் வெள்ளை படிவது இங்கிருந்தே தெரிந்தது. மாமா என்னைப் பார்த்தார்.

"தச்சுப் பட்டறைன்னு எழுதினது நீதானே?"

"இல்ல மாமா."

"டேய்."

"நான்தான் மாமா."

"எழுத்தாடா அது? போ, போய்க் கொக்கியைப் புடுங்கு. நீயே நனை."

ஓடினேன். தெளிப்பான் ஒவ்வொரு சுற்றுக்கும் முகத்தில் அறைந்தது. கொக்கி ஐஸில் ஒட்டியிருந்தது. விரல் மரத்துப்போனதும் கல்லால் தட்டினேன். "உடைச்சுத் தொலைக்காதடா!" என்று மேலிருந்து அம்மாவின் குரல். மூன்றாவது தட்டில் கொக்கி தெறித்து விழ, தெளிப்பான் தயங்கி, அப்புறம் முழுவட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது.

வெயில் வந்தபோது மூன்று வரிசையும் கண்ணாடிக் கடை மாதிரி மின்னியது. எனக்குப் பல் தந்தியடித்தது.

"வெயில்தான் வந்தாச்சே மாமா, நிறுத்திடலாமா?"

"தொடாதே!"

இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். நாலு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

ஐஸ் தானாக உருகிச் சொட்டும்வரை யாரும் நகரவில்லை. அம்மா ஒரு மொட்டை விரலால் தொட்டாள். பச்சை. அடுத்ததைத் தொட்டாள். அதுவும் பச்சை. மறுநாள் மாமாவின் இரண்டு வரிசையும் தேயிலைத் தூள் நிறத்துக்கு வந்திருந்தது. அம்மா நன்றி சொல்லவில்லை. சொன்னால் அவள் என் அம்மா இல்லை. ஆனால் நிலம் விற்கிற பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.

செப்டம்பரில் அறுவடை. மூன்றில் ஒரு வரிசைப் பழத்தை அம்மா தனியாக வைத்து, மாமாவின் டிராக்டரில் ஏற்றச் சொன்னாள்.

"என்னது இது?" என்றார் மாமா.

"உன் ரெண்டு வரிசைக்கு."

"ஒண்ணுதானே இருக்கு?"

"என்னோட ஒண்ணு உன்னோட ரெண்டுக்குச் சமம். மரப் பீப்பாயில மட்டும் போட்டே, அடுத்த பனிக்கு உன் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டேன்."

"எங்கிட்ட வேற என்னடி இருக்கு, பால்காரி?"

அம்மா சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க ஒன்றும் இல்லை.

"தொட்டியில இடம் இருக்கு," என்றாள்.

டிராக்டர் எங்கள் வாசலுக்குத் திரும்பியது. அன்று சாயங்காலம் பால் தொட்டியின்மேல் யாரோ சுண்ணாம்புக்கட்டியால் 'அண்ணன் தங்கை' என்று எழுதியிருந்தார்கள். எழுத்து கொஞ்சம் திருந்தியிருந்தது.