எட்டுப் பேருக்கு மேகசின் பை

தென்காசியில் நான் யூனிஃபார்ம் தைக்கும் கடை வைத்துப் பத்தொன்பது வருடமாகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாவாடை, நர்சுகளின் கோட், ஓட்டல் சப்ளையர்களின் அரைக்கைச் சட்டை என்று எதைக் கொண்டுவந்தாலும் தைத்துக் கொடுப்பேன். தைத்திருக்கவே கூடாது என்று நான் நினைப்பது ஒரே ஒரு வேலையைத்தான். அதைத் தைக்கச் சொன்ன ஆளை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

அவர் முதலில் குற்றாலத்துக்கு வேன் பிடித்துக் கொடுக்கும் புரோக்கராக இருந்தார். பிறகு லாட்ஜுகளுக்கு ஆள் பிடித்தார். அப்புறம் ஒரு பேனர் அடித்து, இடுப்பில் ஒரு வாக்கிடாக்கியை மாட்டிக்கொண்டு, செக்யூரிட்டி ஏஜென்சி முதலாளி ஆகிவிட்டார். அந்த வாக்கிடாக்கியில் அவர் பேசுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மறுபக்கத்திலிருந்து ஒரு குரல் வந்து ஒருநாளும் கேட்டதில்லை.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்திருந்தது. கடைக்குள் வந்தவர் உட்காராமலே செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். வெளிநாட்டுப் பட்டாளத்துக்காரன் ஒருவன் படம். கழுத்திலிருந்து வயிறுவரை ஒரு கவசம் போட்டிருந்தான். அதில் வரிசையாகப் பைகள்.

"யம்மா, இதே மாதிரி எட்டுப் பேருக்கு வேணும். சீசன் சூடு பிடிக்கதுக்குள்ள."

"என்னது அண்ணாச்சி, நெஞ்சு பூரா பை?"

"மேகசின் பைம்மா."

மேகசின் என்றால் எனக்கு வாரப் பத்திரிகைதான் தெரியும். பட்டாளத்துக்காரன் எதற்குப் பத்திரிகையை நெஞ்சில் செருகிக்கொண்டு அலைகிறான் என்று கேட்டேன். விளக்கம் சொல்ல ஒருத்தி கிடைத்துவிட்டதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். துப்பாக்கிக் குண்டுகளை அடுக்கி வைக்கும் தகரப் பெட்டிக்கு மேகசின் என்று பெயராம். ஒன்று தீர்ந்ததும் கழற்றிப் போட்டுவிட்டு, நெஞ்சிலிருக்கும் பையிலிருந்து அடுத்ததை உருவித் துப்பாக்கியில் மாட்ட வேண்டுமாம். கையாலேயே உருவிக் காட்டினார். உருவிய கையில் கார்ச் சாவி இருந்தது.

"அப்ப ஒங்க ஆளுகளுக்குத் துப்பாக்கி குடுக்கப் போறியளா?"

"துப்பாக்கியா? லைசென்சு, கலெக்டர் ஆபீசுன்னு யாரு அலையுதது? பை போதும். பாக்கவனுக்கு உள்ள குண்டு இருக்குன்னு தோணணும். அம்புட்டுத்தான்."

கால்சட்டை இல்லாதவனுக்கு பெல்ட் தைக்கச் சொன்ன மாதிரி இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் போன கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாகக் குரல் செய்திகள் வேறு வந்து விழுந்தன. நிறம் கறுப்பாக இருக்க வேண்டும், பை தொங்கக் கூடாது, விறைப்பாகப் புடைத்து நிற்க வேண்டும், இப்படியே.

அப்போதே முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பள்ளிக்கூட வேலையெல்லாம் முடிந்து மெஷின்கள் சும்மா கிடந்தன. அதைவிட, பத்தொன்பது வருடமாகப் பாவாடை மடிப்பு வைத்துச் சலித்துப்போன கைக்குப் புதிதாக ஒன்று தைத்துப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது.

அளவு தெரிய வேண்டும் என்றேன். மறுநாள் ஒருவரை அனுப்பினார். செங்கோட்டைப் பக்கத்துக்காரர், பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். நாற்பதுகூட ஆகியிருக்காது. அந்த ஏஜென்சியின் எட்டுப் பேரில் துப்பாக்கியைத் தொட்டவர் அவர் ஒருவர்தான். கடை வாசலிலேயே நின்றார். உள்ளே வரக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். கூச்சம் என்னிடம் இல்லை, வந்த வேலையில்தான் என்று பேச ஆரம்பித்ததும் தெரிந்தது.

"எனக்கு இதுல இஷ்டம் இல்லக்கா. முதலாளி சொன்னாருன்னு வந்தேன்."

"சரி தம்பி, நான் தைக்கப் போறேன்னு ஆயிட்டு. ஒழுங்கா எப்படி இருக்கும்னு மட்டும் சொல்லுங்க."

பழுப்புத்தாளில் வரைந்தார். ஒரு சாண் உயரம், லேசான வளைவு. பை இடது பக்கம்தான் இருக்க வேண்டும் என்றார்.

"வலது கை துப்பாக்கிய விடாதுல்லா. இடது கைதான் பைக்குப் போகும். கண்ணு எதிர்த்தாப்புல இருக்கும், கை தானா எடுக்கணும். குனிஞ்சு தேடிட்டு இருந்தா ஆளு காலி."

"மூடி?"

"மூடி வேணும். ஓடும்போது விழுந்துரக் கூடாது. ஆனா வெல்க்ரோ வேண்டாம்க்கா. பிரிக்கும்போது கத்தும். நாம எங்கன இருக்கோம்னு அதுவே சொல்லிரும். டிச் பட்டன் வச்சு, இழுக்கதுக்கு ஒரு நாடா விடுங்க. அடியில ஒரு ஓட்டை போட்டுருங்க. மழைத் தண்ணி உள்ள நிக்கக் கூடாது."

பாக்கெட்டில் ஓட்டை விழுந்தால் அடைத்துத்தான் எனக்குப் பழக்கம். வேண்டுமென்றே ஓட்டை வைத்து ஒரு பை தைத்தது அன்றைக்குத்தான். ஸ்கூல் பைக்கு வாங்கும் கனத்த கான்வாஸை இரண்டு மடிப்பாகப் போட்டு, ஓரத்துக்கு நைலான் நாடா வைத்து, ஒரு முழு நாள் உட்கார்ந்து ஒரே ஒரு பையைத் தைத்தேன். பக்கத்துக் கடை ஆசாரி அதே அளவில் ஒரு மரக்கட்டை சீவிக் கொடுத்தார்.

மறுநாள் பட்டாளத்துக்காரர் வந்து பையை இடுப்புப் பட்டையில் மாட்டினார். எதிரே சுவரில் தொங்கிய சட்டைகளைப் பார்த்தபடி இடது கையை இறக்கினார். நான் கண் சிமிட்டுவதற்குள் கட்டை அவர் கையில் இருந்தது. மூன்று முறை செய்தார். மூன்று முறையும் பட்டனின் சின்ன 'டிக்' தவிர ஒரு சத்தமில்லை. காஜா எடுத்துக்கொண்டிருந்த என் உதவிக்காரப் பெண் ஊசியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இறுக்கம். புதுசுல அப்படித்தான் இருக்கணும்," என்றார். எனக்கு அன்று முழுவதும் பெருமை தாங்கவில்லை.

முதலாளி வந்து பார்த்தார். பட்டனைத் திறந்தார், மூடினார். முகம் சுருங்கியது.

"சத்தமே வரலியேம்மா?"

"வரக்கூடாதாம் அண்ணாச்சி."

"எவன் சொன்னான்? வெல்க்ரோ வைங்க. டர்ர்ருன்னு பிரியணும். அப்பத்தான் பக்கத்துல நிக்கவன் பயப்படுவான். ஓட்டை எதுக்கு? அடைங்க அதை. ஒரு நெஞ்சுக்கு மூணு பை. உள்ள ஸ்பாஞ்சு வச்சுத் திணிங்க, நல்லா உப்புனாப்புல இருக்கட்டும்."

போரில் உயிரைக் காக்கச் செய்யும் ஒரு சாமானை இந்த மனிதர் கையில் கொடுத்தால், ஐந்து நிமிடத்தில் அதைக் கல்யாண வீட்டு அலங்கார வளைவாக்கிவிட்டார். அவர் கேட்டபடியே எட்டுக் கவசங்களையும் அவற்றுக்கு இருபத்துநான்கு பைகளையும் தைத்தேன். ஸ்பாஞ்சைத் திணித்ததும் இதே கைதான்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, உதவிக்காரப் பெண்ணோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போனேன். கார் நிறுத்தும் இடத்தில் என் கவசங்களைப் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவர் புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், இன்னொருவர் பரோட்டாக் கடையை விட்டு வந்தவர். தமிழ்நாட்டில் எந்தத் திருடனும் இவர்களைப் பார்த்து ஓடியிருக்க மாட்டான். மூட்டை தூக்கியவர் என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தார்.

"யக்கா, ஒங்க கை நல்லா இருக்கணும். ஸ்பாஞ்சை எடுத்துப் போட்டுட்டோம். இந்தா பாருங்க."

டர்ர் என்று பிரித்தார். முதல் பையில் தேங்காய் எண்ணெய்க் குப்பி. இரண்டாவதில் சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும். மூன்றாவதில் சீப்பும் பீடிக்கட்டும்.

"குப்பி அளவெடுத்தாப்புல உக்காருது. டூட்டி முடிஞ்சதும் அப்படியே அருவிக்குப் போயிருவோம்."

அந்தப் பைகளுக்கு அதுவரை கிடைத்த ஒரே மரியாதையான உபயோகம் அதுதான். பட்டாளத்துக்காரரை அங்கே காணவில்லை. கேட்டேன். இல்லாத மேகசினுக்குப் பை மாட்ட மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டாராம். முதலாளி கோபத்தில் அவரைக் கக்கூஸ் பக்கம் டோக்கன் கிழிக்கப் போட்டிருந்தார்.

ஆடியில் குற்றாலம் ரோட்டில் ஒரு புதிய லாட்ஜ் திறப்பு விழா. சென்னையிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் ரிப்பன் வெட்ட வருவதாக இருந்தது. பாதுகாப்பு நம்ம ஏஜென்சி என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எனக்கும் பத்திரிகை வைத்தார். போனேன். சாரலில் நனைந்தபடி பந்தலுக்கு வெளியே ஏழு பேரும் வரிசையாக நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். பட்டாளத்துக்காரர் சாதாரணச் சட்டையில், கையில் ஒரு கம்போடு, ஓரமாக நின்றார்.

பெரியவரின் கார் வந்தது. முன்சீட்டிலிருந்து சஃபாரி சட்டை போட்ட ஒருவர் முதலில் இறங்கினார். பெரியவருடைய கன்மேன், நிஜப் போலீஸ். இறங்கியவர் பார்வை வரிசையில் போய் நின்றது. முன்கூட்டித் தகவல் இல்லாத ஏழு பேர், நெஞ்சில் இருபத்தொரு மேகசின் பைகள். அவர் கார்க் கதவை முதுகால் தள்ளி மூடினார். அவர் வலது கை சட்டைக்குக் கீழே போனதை நான் பார்த்தேன். வெளியே வந்தபோது அதில் கைத்துப்பாக்கி இருந்தது.

"யாருடா நீங்க? பையில என்ன?"

பந்தலில் நாதஸ்வரம் நின்றுபோனது. புளியங்குடிக்காரர் பயத்தில் சிரித்தார். "ஒண்ணுமில்ல சார், சோப்பு சார், இந்தா காட்டுதேன்," என்று கையைப் பைக்குக் கொண்டுபோனார். விரல் வெல்க்ரோவைத் தொட்டது. டர்ர் என்ற சத்தம் பாதி வந்தது.

"தொடாதலே! கைய மேல தூக்கு! எல்லாரும் கைய மேல தூக்குங்க!"

பட்டாளத்துக்காரர் கம்பைக் கீழே போட்டுவிட்டுத் தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி கத்தினார். புளியங்குடிக்காரரின் கை அந்தரத்தில் நின்றது, மெல்ல மேலே போனது. துப்பாக்கி அவர் நெற்றிக்கு நேராகவே இருந்தது. கன்மேனின் விரல் அதில் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே பார்க்கவில்லை. நான் வைத்துத் தைத்த அந்த வெல்க்ரோவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் காரைவிட்டு இறங்காமலே திரும்பிப் போனார். இன்ஸ்பெக்டரும் போலீஸ்காரர்களும் வந்து ஏழு பேரையும் ஈரத் தரையில் உட்காரவைத்துப் பைகளைக் காலி பண்ணினார்கள். எண்ணெய்க் குப்பிகள், சோப்பு, சீப்பு, சால்னா ஒழுகும் ஒரு பரோட்டாப் பொட்டலம். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. சிரித்தவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலாளி அப்போதுதான் சாமியானாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். துப்பாக்கி வெளியே இருந்தவரை அவரை எங்கும் காணோம்.

"சார், நான் தண்ணி பாட்டில் வைக்க ஒரு பைதான் சொன்னேன். இந்தா நிக்கா பாருங்க, அந்தத் தையக்காரிதான் இப்படி டிசைன் பண்ணிட்டா."

இரண்டு மாதமாக யம்மா, யம்மா என்று வந்துகொண்டிருந்த வாய். நான் நேராக இன்ஸ்பெக்டரிடம் போனேன். செல்போனை எடுத்துச் சத்தத்தை முழுவதும் வைத்து, அந்த ஆளின் குரல் செய்தியைப் போட்டேன். "பை விறைப்பா நிக்கணும்மா. உள்ள மேகசின் இருக்குன்னு பாக்கவன் நம்பணும். நடுங்கணும்." பந்தலில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

"யாரு அண்ணாச்சி நடுங்குனது?" என்று கேட்டேன். அவர் வாக்கிடாக்கியைத் திருகிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் அவரை ஜீப்பில் ஏறச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"அவரு சொன்னாரு, சரிம்மா. நீங்க என்ன நினைச்சு இதைத் தச்சிய?"

இனிமேல் இப்படித் தைக்க மாட்டேன் என்று ஸ்டேஷனில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். முதலாளி நாலு தாள் எழுதினார் என்று கேள்வி. கவசங்களைப் போலீஸே வாங்கி வைத்துக்கொண்டது. லாட்ஜ்காரர் ஏஜென்சியை மாற்றிவிட்டார். பட்டாளத்துக்காரர் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாகச் சேர்ந்துவிட்டார் என்று அறிந்தேன்.

முதலாளி சும்மா இருக்கவில்லை. ஐப்பசியில் மறுபடி கடைக்கு வந்து, ஒன்றுமே நடக்காதவர் மாதிரி, பவுன்சர்களுக்குக் கறுப்பு பனியன் வேண்டும், புஜம் பெரிதாகத் தெரிய உள்ளே பஞ்சு வைக்க முடியுமா என்று கேட்டார். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே வாசலைக் காட்டினேன்.

அவருக்கு முன்னால், விழா முடிந்த பத்தாம் நாள், இன்னொருவர் வந்தார். புளியங்குடிக்காரர். மறுபடி எலுமிச்சை மார்க்கெட்டுக்கே மூட்டை தூக்கப் போய்விட்டாராம். ஒரு கால்சட்டையின் இடுப்பைப் பிடிக்க வேண்டும் என்று கொடுத்தார். பிடித்துக் கொடுக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மெஷின் நின்றதும் பேசினார்.

"அந்த அண்ணன் சத்தம் போடலேன்னா என்னக்கா ஆயிருக்கும்?"

நான் நூலை அறுத்தேன்.

"வீட்டுல சொல்லிட்டியளா?"

"இல்லக்கா. செல்போன்ல வீடியோ பாத்துட்டு அவ சிரிச்சா. சோப்பு எடுத்ததைத்தான் காட்டுது. அதுக்கு முன்னாடி நடந்தது அதுல இல்ல. சிரிச்சுட்டுப் போட்டும்னு விட்டுட்டேன்."

கால்சட்டையை மடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு புளியங்குடி பஸ் பிடிக்கப் போனார்.