மடுவில் கிடந்த முதலையும் நான் சொன்ன கன்றுக்குட்டியும்

கழுத்து மணி கேட்பதற்கு முன்பே யானையின் வாசம் எங்கள் தெருவுக்குள் வந்துவிடும். ஈர மண்ணும் சாணமும் தென்னோலையும் கலந்த அந்த வாசத்துக்குப் பாயிலிருந்து எழுந்து ஓடி, கொள்ளிடத்துத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து திரும்பும் கோயில் யானைக்கு நான்கு கால்களும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நான் பல் தேய்ப்பேன். ஆற்றில் வந்து கிடந்த முதலை அந்த யானையைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறது என்று எட்டு வயதில் முழுமனதாக நம்பினேன். சிரிக்காதீர்கள். சித்திரைப் பௌர்ணமிக்கு அம்மா மண்டபத்துப் படித்துறையில் யானையைத் தண்ணீரில் இறக்கி, முதலை காலைப் பிடித்த கதையை ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிற ஸ்ரீரங்கத்தில் பிறந்தவன் வேறு எதைத்தான் நம்புவான்? இத்தனை வருடம் நிஜ முதலை இல்லாமலே ஒப்பேற்றினார்கள், இந்த வருடம் அசலே வந்து சேர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

மாசியில் கொள்ளிடம் வற்றியதும் மணல்வெளிக்கு நடுவே அங்கங்கே ஆழமான தேங்கல்கள் மட்டும் மிஞ்சும். அவற்றை "மடு" என்போம். மணலில் வெள்ளரிக் கொடி போட்டிருந்த மாரியண்ணன்தான் ஒரு மடுவை எனக்குக் காட்டினார். "அதோ பாரு, ரெண்டு கண்ணு மட்டும் மெதக்குது. பத்து நாளா இதே தண்ணியிலதான் குடத்தைப் போடுறேன். அது பாட்டுக்கு அந்தப் பக்கம், நான் பாட்டுக்கு இந்தப் பக்கம்." ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த அப்பாவிடம் ஓடிப் போய்ச் சொன்னால், அவர் பேப்பரை இறக்காமலே, "வெள்ளத்துல அடிச்சிட்டு வந்திருக்கும். ஆத்துல இருக்காம முதலை என்ன பஸ் ஸ்டாண்டுலயா இருக்கும்?" என்றார். ஊரே இப்படி அசட்டையாக இருந்தால் யானையை யார் காப்பாற்றுவது? நேரே பாகன் ராஜண்ணனிடம் போய், இனி கொள்ளிடத்துக்குப் போக வேண்டாம், குழாய்த் தண்ணீரே போதும் என்று யோசனை சொன்னேன்.

"பெருமாளுக்கு முனிசிபாலிட்டி தண்ணியா? நல்லா இருக்குடா! என் பொண்ணு அது மேல தெரியாம உக்காந்தாக்கூட அது அப்பளம். போ, போய்ப் பரீட்சைக்குப் படி."

அவர் "பொண்ணு" என்ற அந்த யானை சிரித்த மாதிரிகூட எனக்குத் தோன்றியது. நான் சிரிக்கவில்லை. பங்குனி பிறந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. குளிக்கும் அண்டாவைக் குச்சியால் கலக்கிப் பார்க்காமல் சொம்பை உள்ளே விடுவதில்லை. "இவனுக்கு யாரோ கண்ணு வெச்சிருக்காங்க" என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். அந்த நெடியில் எல்லோரும் இருமினோம், முதலை மட்டும் அசையவில்லை. சித்திரைப் பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது, இனிப் பொறுப்பதில்லை என்று கரையிலிருந்த டீக்கடைக்கு மூச்சு வாங்க ஓடினேன்.

"முதலை கன்னுக்குட்டியோட காலைக் கவ்விடுச்சு! நான் பாத்தேன்!"

கன்றும் கிடையாது, கவ்வலும் கிடையாது. ஆனால் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். "எந்தக் காலுடா?" என்று ஒருவர் கேட்டார். "பின்னங்காலு" என்றேன். யார் வீட்டுக் கன்று என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. வலை வந்தது, கடப்பாரை வந்தது. மாரியண்ணன் மடுவுக்குக் குறுக்கே கையை விரித்து நின்று, "இருங்கய்யா, ஃபாரஸ்ட்டுக்குச் சொல்லி அனுப்புவோம், அவங்க வந்து புடிச்சிட்டுப் போகட்டும்" என்று கெஞ்சினார். "உன் கன்னா இருந்தா இப்படிப் பேசுவியா?" என்று அவரைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். நான் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சொன்னால் முதுகுத் தோல் உரியும் என்பதும் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அதே கரையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். என்னோடு சேர்ந்து என் பீதியும் வளர்ந்து உலகளாவியதாகிவிட்டது: எந்தக் கண்டத்திலோ காடு எரிந்தால் எனக்கு இங்கே மூச்சு முட்டுகிறது, துருவத்தில் பனி உருகுகிறது என்று படித்துவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் தட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். "நீங்க நியூஸ் பாக்காம இருந்தாலே உலகம் பாதி தேறிடும்ங்க" என்கிறாள் மனைவி.

போன வாரம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: "கொள்ளிடத்தில் முதலை. நாயை இழுத்துச் சென்றுவிட்டது. ஆள் சேர்த்து இன்றே முடித்துவிட வேண்டும்." படித்ததும் நான் செய்த முதல் காரியம், மூன்றாம் மாடிக் குளியலறை வாளியை எட்டிப் பார்த்தது. இரண்டாவதாக, "யார் வீட்டு நாய்?" என்று தட்டினேன். "எல்லாரும் சொல்றாங்க சார்" என்று பதில் வந்தது. மறுபடி கேட்டேன். நான்காம் முறை கேட்டபோது, "என்ன சார், முதலை உங்களுக்குச் சொந்தமா?" என்று ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார். "ஒரு வகையில்" என்று எழுதி, அழித்தேன். வனத்துறைக்கு நானே போன் போட்டேன். வந்தார்கள், பார்த்தார்கள், யாரும் இறங்க வேண்டாம் என்று கரையில் ஓர் எச்சரிக்கைப் பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். எந்த வீட்டு நாயும் குறையவில்லை.

அந்தப் பலகையருகே நின்று பார்த்தேன். மாரியண்ணன் இல்லை, வெள்ளரிக் கொடி இல்லை. மணலை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனபின் நாணலும் கருவேலமும் மண்டிவிட்டன. பழைய மடு எந்த இடம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த வருடம் சித்திரைப் பௌர்ணமிக்கு யானை அம்மா மண்டபத்தில் முழங்காலளவுத் தண்ணீரில் இறங்கியது, துதிக்கையால் என்மேல் தண்ணீரைப் பீய்ச்சியது, வீடு திரும்பியது. அதற்கு மூன்று நாள் முன்பு கரையில் கிடத்தப்பட்ட முதலை மூன்று முழம் இருந்தது. வயிற்றைக் கிழித்துக் கன்றின் காலைத் தேடினார்கள். நத்தை ஓடுகளும் இரண்டு கெண்டை மீன்களும் இருந்தன.