சாலையைப் பார்த்துத் தின்ற அக்கா

செய்தியைச் சொல்ல வந்தவர் ஆட்டுக்குடல் போட்டி விற்கும் வண்டிக்கார பாய். எங்கள் கோயில் தெருவில் அவர் கால் வைத்ததே இல்லை. அன்று காலை வண்டியில்லாமல் வந்து வாசலில் நின்றார்.

"மாமி, நம்ம கன்னியம்மாக்கா பூட்டாங்க."

உள்ளேயிருந்து மாமியார் "யாரது?" என்றார். எனக்கு வேண்டியவர் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

காக்களூர்ப் பக்கத்துப் பட்டறையில் எங்களோடு திருகாணிப் பொட்டலம் கட்டிய உங்களுக்கு நினைவிருக்கும். அறுபதுகளின் கடைசி. மதியம் மணியடித்ததும் வாசலில் பாயின் வண்டி நிற்கும். ஆட்டுக்குடலை வெங்காயமும் மிளகும் போட்டுக் கல்லில் புரட்டித் தருவார். வாங்கித் தின்னும் பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மதில் சுவரைப் பார்த்து நின்றுதான் தின்பார்கள். கன்னியம்மாக்கா மட்டும் சாலையைப் பார்த்து நிற்பார், பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க.

"திருடுனாத்தான் மூஞ்சிய மறைக்கணும். நா துட்டு குடுத்துத் துன்றேன்" என்பார்.

அது மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் தண்ணீர்ப் பானையருகே நின்று, "வேதா கோயில் ஊட்டுப் பொண்ணு. போட்டி துன்ன கையால இனிமே பானையத் தொடாதீங்க" என்றார்.

வேதா நான்தான். அப்படிச் செய்யச் சொல்லி நான் அவரிடம் கேட்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. வேலை போய்விடுமோ என்ற பயம். அக்கா நாலு நாள் வெயிலில் நடந்து தெருக்குழாயில் குடித்தார்.

நாலாம் நாள் என்னைக் கேட்டார்: "வேதா, நீ சொன்னியா?"

"இல்லக்கா."

"அப்ப அத்த அந்தாளாண்ட சொல்லு. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

மறுநாள் தயிர்சாதத் தூக்கை எடுத்துக்கொண்டு வண்டியடிக்குப் போனேன். அக்காவின் பக்கத்தில், சாலையைப் பார்த்து நின்று சாப்பிட்டேன். அக்கா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பிறகு உள்ளே போய், அக்காவின் அலுமினிய டம்ளரால் பானையில் மொண்டு மேஸ்திரியின் எதிரிலேயே குடித்தேன்.

"எம் பேரைச் சொல்லி யாருக்கும் தண்ணிய நிறுத்தாதீங்கோ" என்றேன்.

வேலை போகவில்லை. விஷயம் அப்பாவின் காதுக்குப் போய், அவர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் வேப்பம்பட்டில் அக்காவின் மகன் வீட்டில் காரியம். படத்துக்கு முன்னால் வடை, பாயசம், சாம்பார். அக்கா சாம்பாரைக் கண்டாலே முகம் சுளிப்பவர்.

மகன் பணிவாகச் சொன்னான்: "நீங்க வருவீங்கன்னுதான் மாமி, படையல்ல கறி வைக்கல."

மறுபடியும் என் பெயர். எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல.

"சித்த இரு, வரேன்" என்று எழுந்தேன். ரயிலேறித் திருவள்ளூருக்கு வந்து, பாயிடம் போட்டி வாங்கினேன். அவர் காசு வாங்க மறுத்தார். அக்கா துட்டு கொடுத்துத்தான் தின்பார் என்று கையில் திணித்தேன். மந்தாரை இலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மகளிர் பெட்டியில் உட்கார்ந்தேன். எதிரில் இருந்தவர்கள் என் மடிசாரையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

படையலில் என் கையால் பிரித்து வைத்தேன். மகன் தலைகுனிந்து அழுதான்.

போட்டியின் ருசி எனக்கு இன்றுவரை தெரியாது. சாலையைப் பார்த்து நிற்கத் தெரியும். அது அக்கா கொடுத்தது.